பயிரும் பால்வாடியும்: பெரம்பலூர், அரியலூர் மழலையரின் அன்றாடம்

பெரம்பலூர் மானாவாரி மண். மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் என்று ஓடுகிறது பிழைப்பு. பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும்; ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரங்களில் முந்திரி. இவ்வூர்களில் மூன்று வயதுப் பிள்ளை எப்போது எழும், யார் கையால் சாப்பிடும், யார் மடியில் தூங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் பயிர்தான் முடிவு செய்கிறது. களையெடுப்பு வந்துவிட்டால் அம்மா விடியலிலேயே உலை வைத்து, சோற்றை வடித்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். பருத்தி வெடித்தால் இன்னும் சீக்கிரம். வேலை ஓய்ந்த மாதங்களில் அதே பிள்ளை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. வேலை நாள்களில் அப்பாயியோ அக்காவோ பார்த்துக்கொள்வார்கள்.

இளங்குழந்தைகளின் கற்றலுக்கு ஒழுங்கான அன்றாடம் துணை செய்கிறது என்ற கருத்தை இந்த மண்ணில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கருத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. குடும்ப நடைமுறைகள் பற்றி ஐம்பதாண்டுகளில் வெளிவந்த 32 ஆய்வுகளை பார்பரா ஃபீஸ் குழுவினர் 2002இல் தொகுத்து ஆராய்ந்தபோது, அவை குழந்தையின் இணக்கமான நடத்தையோடும் பெற்றோரின் வளர்ப்புத் திறனோடும் தொடர்புடையவை என்று கண்டனர். ஜோடி மிண்டெல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு 14 நாடுகளின் 10,085 தாய்மாரிடம் கேட்டறிந்தது. தூங்கப்போகும் முன் ஒரே வரிசையில் நடக்கும் செயல்கள் வாரத்தில் எத்தனை இரவு கூடுகின்றனவோ, அந்த அளவுக்குக் குழந்தை சீக்கிரம் தூங்குகிறது, இடையில் விழிப்பது குறைகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் உடன்தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் வீட்டில் இரவுச் சாப்பாடும் ஒழுங்காகத்தான் நடக்கும். அந்தக் குழந்தையின் நலத்துக்குக் காரணம் சாப்பாட்டு நேரமா, சம்பளமா? கூலிக்குப் போகும் தாயிடம் 'நேரப்படி வளருங்கள்' என்று அறிவுரை சொல்வோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

நேரம் தவறாமையை விட, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதும் அதற்குள் ஒரு பெரியவர் குழந்தையோடு பேசுவதும்தான் கற்றலை உண்டாக்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். பால்வாடியில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய சில நிமிடங்களைப் பார்த்தால் இது விளங்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆயா சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற, முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை, அப்புறம் விரலிடுக்கு. அடுத்தவர் முறை வரும்வரை பொறுத்திருப்பது தன்னடக்கப் பயிற்சி. ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொன்னால், எண்களின் பெயர் தெரியாத பிள்ளைக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் கணக்கு கைவருகிறது. "இன்னைக்கு முட்டை உண்டா டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளை நேற்றையும் நாளையையும் மனத்தில் அடுக்கப் பழகிவிட்டது. முட்டை தினமும் கிடைக்காததால் கிழமைகளை நினைவில் வைக்க அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது! இதே வரிசையை ஆயா அவசரமாக, பேச்சின்றி முடித்தால் கை சுத்தமாகும், அவ்வளவுதான்.

வீட்டு வேலையிலும் இது நடக்கிறது. அப்பாயி வெங்காயத்தின் தாளை அறுத்துப் போடப் போட, பிள்ளை பெரிசையும் பொடிசையும் பிரித்துக் குவிக்கிறது. பார்த்தும் கூடச் செய்தும் கற்பதைப் பல சமூகங்களில் ஆராய்ந்த பார்பரா ரோகாஃப் இதைக் கற்றலாகவே எண்ணுவார். அதற்காக எல்லா வேலையையும் பாடமென்று போற்ற முடியாது. முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து கசியும் எண்ணெய் பெரியவர் கையையே புண்ணாக்கும். அங்கே பிள்ளைக்கு இடமில்லை.

அப்படியானால் இந்தப் பேச்சையும் வரிசையையும் நாள்தோறும் யார் தருவது? அரசின் பக்கம் பார்த்தால், 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள், அதாவது பால்வாடிகள், உள்ளன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் உண்டு. ஆனால் மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பதுதான் பொதுவான அமைப்பு. எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் முதலில் அடிபடுவது கதை நேரமும் பாட்டு நேரமும்தான்.

இங்கே தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று கிடைக்கிறது. அலெஜாந்த்ரோ கணிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநிலத்தின் 640 மையங்களை ஆய்வுக்கு எடுத்து, குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில் மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைச் சேர்த்தனர். கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் உயர்ந்தது. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றலும் குறைந்தது. குலுக்கல் என்பதால் 'வசதியுள்ள வீட்டுப் பிள்ளை' என்ற ஐயத்துக்கு இதில் இடமில்லை. அந்த அரைநாள் ஆளால் நாளின் வரிசை குலையாமல் நின்றதும் பலனுக்கு ஒரு காரணம் என்று கொள்வது பொருந்தும்.

பெரம்பலூர், அரியலூருக்கு இதிலிருந்து பெறக்கூடிய முடிவுகள் இரண்டு. ஒன்று, அரைநாள் பணியாளர். மற்றது, நேரம். களையெடுப்பு மாதங்களில் வேலைக்கு ஆள் கிளம்பும் நேரத்துக்கும் பால்வாடி திறக்கும் நேரத்துக்கும் இடையில் விழும் இடைவெளியில்தான் பிள்ளையின் நாள் தடுமாறத் தொடங்குகிறது. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுதும் விரிந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக்கானது. அண்ணன் பள்ளியில் சாப்பிடும் வேளையில் தம்பி திண்ணையில் இருப்பான். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களில் ஒருவரை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று விதித்தது. அதே ஏற்பாட்டைப் பருத்தி, மக்காச்சோளப் பருவங்களில் காலை ஏழு மணி முதல் மையம் திறக்கும் வரை ஊருக்குள் செய்யலாம். ஊராட்சி அளவில் தொடங்கிப் பார்க்க, தனியார் வயல் வேலைக்கு அந்தக் கூலியை யார் கொடுப்பது என்ற ஒரு கணக்குத்தான் தீர வேண்டியிருக்கிறது.