ஈயக் குட்டையில் ராஜா

1857-ல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றில் ஏறி வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் மலேரியாவில். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை இடிந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் மிச்சம் நின்றவை மழைத்தண்ணி நிரம்பிய குழிகள்.

அந்தக் குட்டைகளில் இன்றைக்குத் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் மீன் பீகாக் பாஸ். மலாய்க்காரர்கள் வைத்த பேர் 'ராஜா'. பாஸ் என்பது பேருக்குத்தான்; தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, திலாப்பியாவுக்குச் சொந்தம். ஆறு வேண்டாம், ஓட்டம் வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கின தண்ணியிலேயே முட்டையிட்டு, தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் நல்ல வெயிலில்தான் போலி இரையை அடிக்கும்.

வந்தேறி மீன் என்று திட்டுகிறார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. பனாமாவின் காத்தூன் ஏரியில் இது நுழைந்தபின் உள்ளூர்ச் சிறுமீன்கள் அற்றுப்போனதை 1973-ல் ஜாரெட்டும் பெய்னும் எழுதினார்கள். ஆனால் காத்தூனும் கால்வாய்க்காக மனுஷன் உண்டாக்கிய ஏரிதானே? குழி தோண்டினவன் பேரைச் சொல்ல மாட்டோம், அதில் பிழைக்கத் தெரிந்த மீன் மட்டும் வந்தேறி. இந்த ஊரில் எங்களையும் 'பெண்டாத்தாங்' என்று சொல்கிறவர்கள் உண்டு. அதனால் அந்தச் சொல் எனக்கு லேசில் வாயில் வராது.

அதற்காக, பிடித்த ராஜாவை உயிரோடு கொண்டுபோய் ஆற்றில் விடுகிறவனை நான் ஆதரிக்கவில்லை. குட்டையோடு இருக்கட்டும்.