கடல் விழாவும் கால்வாய்க் காப்பும்: ஜப்பானின் ஒட்டாரு நகரை முன்வைத்து

முன்னுரை

ஜப்பானின் வடபகுதித் தீவான ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் அமைந்த துறைமுக நகரம் ஒட்டாரு. ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியில் மூன்று நாள்கள் அங்கு 'உஷியோ மட்சுரி' நடைபெறுகிறது. 'உஷியோ' என்பது கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் சொல். பழந்தமிழின் 'ஓதம்' அதற்கு நெருக்கமானது. 'மட்சுரி' என்பது விழா. எனவே இதனை 'ஓத விழா' எனலாம். பெயரை மட்டும் நோக்குவோர் இதனைத் தொன்மையான கடல் வழிபாட்டின் எச்சமாகக் கருதக்கூடும். ஆயின் இவ்விழா 1967இல்தான் தொடங்கியது. அவ்வாண்டில் அந்நகரம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தாலன்றி, விழாவின் வரலாற்றுப் பொருள் விளங்காது. கடலைக் கொண்டாடுவதற்கும் கடல்சார் உழைப்பின் தடங்களைக் காப்பதற்கும் இடையே அங்கு நிலவிய முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

துறைமுகத்தின் எழுச்சி

ஒட்டாருவின் தொடக்ககால வளத்திற்கு ஹெர்ரிங் மீன்பிடிப்பு அடிப்படையாக அமைந்தது. 1880இல் ஒட்டாருவையும் சப்போரோவையும் இணைத்த இருப்புப்பாதை, 1882இல் ஹொரொனாய் நிலக்கரிச் சுரங்கம்வரை நீண்டது. பொறியாளர் ஹிரோய் இசாமியின் வழிகாட்டலில் எழுந்த வடக்கு அலைதடுப்புச் சுவர் 1908இல் நிறைவுற்றது. ரஷ்ய - ஜப்பானியப் போருக்குப்பின், 1905இல் தென் சகாலின் ஜப்பான் வசமானதால் வடபுல வணிகமும் பெருகியது.

1923இல் கட்டி முடிக்கப்பட்ட ஒட்டாரு கால்வாய் இவ்வளர்ச்சியின் விளைவாகும். நிலத்தைத் தோண்டி வெட்டப்பட்டதன்று அது. கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது, இடையே விடப்பட்ட நீர்ப்பரப்பே கால்வாயாயிற்று. அதனால்தான் அது கரையின் வளைவை ஒட்டி வளைந்து செல்கிறது. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்குத் தோணிகள் பொருள்களை ஏற்றிவந்து, மரச்சட்டத்தின்மேல் கல் பதித்துக் கட்டிய கிடங்குகளில் சேர்த்தன.

சரிவும் இரு முடிவுகளும்

1945இல் சகாலின் கைவிட்டுப் போனது. 1950களில் ஹெர்ரிங் வரத்து ஏறத்தாழ அற்றுப்போனது. நிலக்கரித் தொழிலும் பின்னர் நலிவுற்றது. கப்பல்கள் நேரடியாகத் துறைமேடைகளை அணையத் தொடங்கியதும் தோணிகளுக்கு வேலையில்லை. கால்வாய் சேறு மண்டிக் கிடந்தது. 1964இல் 2 லட்சத்தைக் கடந்திருந்த மக்கள்தொகை அதன்பின் குறையலாயிற்று.

இச்சூழலில் இரு முடிவுகள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டன. 1966இல் கால்வாயைத் தூர்த்துச் சாலை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மறு ஆண்டே கடலைப் போற்றும் ஓத விழா தொடங்கப்பெற்றது. கடலோடிகளைக் காக்கும் தெய்வங்களுக்கான சுமியோஷி ஆலயமும் அதன் ஆண்டு விழாவும் அந்நகரில் முன்னரே உண்டு. ஓத விழாவோ ஆலயம் சாராத குடிமை விழா. நகரத்தார் குழுக்களாகத் தெருக்களில் ஆடிச்செல்லும் ஊர்வலமும் வாணவேடிக்கையும் அதன் முதன்மைக் கூறுகள். இவ்விரு முடிவுகளுக்கும் நேரடிக் காரணகாரியத் தொடர்பு உண்டெனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், கடல் நகரின் அடையாளமாக உயர்த்தப்பட்ட அதே வேளையில், கடலோடு தொடர்புடைய உழைப்பின் களம் பயனற்றதாகக் கருதப்பட்டமை கவனத்திற்குரியது.

விழாவே வாதமாதல்

1973இல் கால்வாயைக் காப்பதற்கான குடிமக்கள் அமைப்பு உருவானது. 1978இல் இளைஞர்கள் கால்வாய்க் கரையிலேயே 'துறைமுக விழா' ஒன்றை நடத்தினர். கைவிடப்பட்ட இடத்திற்கு மக்களை வரவழைத்து, அதன் பயனை அவர்களே உணரச்செய்தமை அதன் சிறப்பு. மனுக்களும் கூட்டங்களும் முன்வைத்த வாதத்தை இவ்விழா கண்கூடாக்கியது எனலாம். இறுதியில் முழு வெற்றி எத்தரப்பிற்கும் கிட்டவில்லை. 40 மீட்டர் அகலக் கால்வாயின் பெரும்பகுதி பாதியளவு தூர்க்கப்பட்டுச் சாலையானது. வடபகுதி மட்டும் பழைய அகலத்தோடு எஞ்சியது. கரையோர நடைபாதை 1986இல் நிறைவுற்றது.

முடிவுரை

பயனற்றதெனத் தூர்க்கவிருந்த கால்வாயே இன்று ஒட்டாருவின் சுற்றுலாவிற்கு ஆதாரமாக விளங்குகிறது. ஓத விழாவும் தொடர்கிறது. 1967இல் தொடங்கிய விழா கடலை நகரின் பொது அடையாளமாக்கியது. 1978இல் தொடங்கிய விழா குறிப்பிட்டதோர் இடத்தின் உரிமையைப் பேசியது. ஒரே இழப்பிற்கு ஒரு நகரம் அளித்த இரு விடைகளாக இவற்றைக் கொள்ளலாம். ஆகவே, நவீனக் குடிமை விழாக்களை ஆராய்வோர், விழா எதனைக் கொண்டாடுகிறது என்பதோடு, அவ்வேளையில் எது அழியவிருந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.