சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் எத்தனை நாழிகை வழி?

நம் முன்னோர் தொலைவைக் காலத்தாலும் அளந்தனர். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்றனர். வழிப்போக்கனுக்கு வேண்டுவது எத்தனை கல் என்பதன்று. எவ்வளவு நேரம் என்பதே. அவ்வளவுகோலால் சிங்கப்பூர் - கோலாலம்பூர் வான்வழியின் வரலாற்றைச் சற்று அளந்து பார்ப்போம்.

1937ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறக்கப்பெற்றது. அம்மாதம் 28ஆம் நாளிலேயே வேர்ன்ஸ் விமானச் சேவை சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைக்கத் தொடங்கிற்று. அதன் 'டிராகன் ரேப்பிட்' விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 210 கிலோ மீட்டர் செல்வன. போரினால் அச்சேவை நின்றது. 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் அவ்வழியை மீண்டும் திறந்தது.

காலாங்கிலிருந்து கோலாலம்பூரின் சுங்கை பீசி நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 315 கிலோ மீட்டர். டிராகன் ரேப்பிட் வேகத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். இரு நிலையங்களும் நகரத்தை அடுத்தே இருந்தமையால் இறங்கியவர் விரைவில் வீடு சேர்ந்தார்.

பின்னர் வந்த பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியிருந்தது. வளர்ந்துவிட்ட நகரத்தில் அதற்கு இடமில்லை. ஆதலின் நிலையங்கள் வெளியே நகர்ந்தன. சிங்கப்பூரில் 1955இல் பாய லேபார், 1981இல் சாங்கி. கோலாலம்பூரில் 1965இல் சுபாங், 1998இல் சிப்பாங்.

இங்கே ஒரு வியப்பைக் காண்க. சிப்பாங் கோலாலம்பூருக்குத் தெற்கே, சிங்கப்பூரை நோக்கிய பக்கத்தில் உள்ளது. சாங்கியிலிருந்து சுபாங் 336 கிலோ மீட்டர். சிப்பாங்கோ 297 கிலோ மீட்டர்தான். வானத்தில் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர் குறைந்தது. ஆனால் சிப்பாங்கிலிருந்து நகருக்கு 2002இல் தொடங்கிய விரைவு ரயிலின் பாதை 57 கிலோ மீட்டர். வானில் மிச்சப்பட்டதைத் தரை வட்டியோடு வாங்கிக்கொண்டது.

நேரமும் அவ்வாறே. மணிக்கு 800 கிலோ மீட்டர் செல்லும் ஜெட் விமானம் 297 கிலோ மீட்டரை 22 நிமிடத்தில், ஒரு நாழிகைக்கும் குறைவாகவே, கடக்க வேண்டும். கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேல் காட்டுகிறது. குறுகிய வழியில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பொழுது போய்விடுகிறது. முழுவேகம் சில நிமிடங்களே. தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் உண்டு. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின் கடப்பிதழ்ச் சோதனையும் பயணத்தோடு சேர்ந்தது.

இவ்வுண்மையை அரசுகளும் உணர்ந்தன. நகரிலிருந்து நகருக்கு 350 கிலோ மீட்டரை 90 நிமிடத்தில் கடக்கும் அதிவேக ரயிலுக்கு 2016இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2020 இறுதியில் அது முடிவுற்றது.

ஆகவே, 'கோலாலம்பூர் எவ்வளவு தொலைவு?' என்று மாணவன் கேட்டால், ஆசிரியர் உடனே எண்ணைச் சொல்லிவிட வேண்டா. 'எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்கு?' என்று திருப்பிக் கேட்கட்டும். நிலையத்திலிருந்து நிலையத்திற்கு அளப்பது விமானத்தின் கணக்கு. வாயிலிலிருந்து வாயிலுக்கு அளப்பதே மனிதனின் கணக்கு. நாழிகை வழி என்ற பழஞ்சொல் அளந்தது அதைத்தான்.