மூணு விரல் உப்பு, ஒரு கை வெல்லம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டப்போ, பெண்கள் வீடு வீடாகப் போய் செய்து முடித்த ஒரு பெரிய வேலையின் வரலாறு ஞாபகம் வந்தது. அது நடந்தது வங்கதேசத்தில்.

எனக்கு முன்னால் எங்கம்மாவுக்கு ஒரு பையன் பிறந்து, ஒன்றரை வயசில் வயித்துப்போக்கில் இறந்துபோனான். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொன்னாங்க. புள்ள கேட்டு அழுதான், நான் குடுக்கல" என்று அம்மா இன்னைக்கும் சொல்லி அழுவாங்க. இதே நம்பிக்கை வங்கதேசத்துத் தாய்மாருக்கும் இருந்தது.

பேதியில் உயிர் போவதற்குக் காரணம், உடம்பில் இருக்கும் தண்ணியும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். வெறும் உப்புத் தண்ணியைக் குடல் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை சேர்ந்தால், அது உப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணியும் போகும். 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, நரம்பில் ஏற்றும் பாட்டில் பெருமளவு குறைவதைக் காட்டினார்கள்.

1971-ல் போர் வந்தது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் என்ற ஊரில் காலரா பரவி, பாட்டில்கள் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலக்கி வைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. 2023-ல், அவர் மறைந்த பிறகு, பத்ம விபூஷண் விருது அறிவிச்சாங்க.

மருந்து கிடைச்சாச்சு. ஆனா அது குடிசைக்குள்ளே போய்ச் சேரணுமே? ஃபசல் ஹசன் ஆபேத் 1972-ல் தொடங்கிய 'பிராக்' என்ற அமைப்பு, 1980-ல் பெண் ஊழியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. கையில் பாக்கெட் இல்லை. வீட்டில் இருக்கும் பொருள்தான். மூணு விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. ஊழியர் செய்து காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தாயே தன் கையால் கலக்கணும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து வேறு ஒருவர் போய்ச் சில வீடுகளில் விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ, அதை வைத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம்.

அப்பவும் ஒரு சிக்கல். தாய்மார் பாடத்தை ஒப்பிச்சாங்க, ஆனா பேதி வந்தப்போ கரைசல் கொடுத்தவங்க கொஞ்சம் பேர்தான். ஏன் என்று ஆராய்ந்தார்கள். ஊழியர்களிலேயே பலருக்குத் தாங்கள் சொன்னதில் நம்பிக்கை இல்லை, தங்கள் வீட்டில் மாத்திரைதான் சாப்பிட்டார்கள்! வீட்டு ஆம்பிளைங்ககிட்ட யாரும் சொல்லவும் இல்லை. அதன்பிறகு ஊழியர்களுக்குப் புரியும்படி பயிற்சி கொடுத்தார்கள், ஆண்களிடமும் பேசினார்கள். பழக்கம் கூடியது. 1990-க்குள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்தார்கள்.

இப்போ நமக்கு அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்குது. பெரிய பாக்கெட் என்றால் முழுசையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணியில் கலக்கணும், கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் குடிக்கணும். கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

நம்ம குழுக் கூட்டத்திலும் எத்தனையோ விஷயம் சொல்றோம், தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுறோம். அடுத்த மாசம் அதைச் செய்தீங்களா என்று யாரும் கேட்கிறதில்லை. வர்ற கூட்டத்தில் ஒரு பாக்கெட்டை எல்லாரும் கையால் கலக்கிப் பார்ப்போம், நாமே ஒரு வாய் குடிப்போம். மறு மாசம் நாலு வீட்டில் போய்க் கேட்போம்.

தண்ணி கேட்டு அழும் எந்தப் பிள்ளைக்கும் நம்ம ஊரில் இனி தண்ணி இல்லை என்று ஆகக் கூடாது.