புதுச்சேரிக் கிராமங்களில் நிதி அறிவும் பாலின வேறுபாடும்

வட்டி, கடன், சேமிப்பு, காப்பீடு ஆகியவற்றைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறனே நிதி அறிவு. தேசிய நிதிக் கல்வி மையத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்களில் 29 சதவீதத்தினரும் பெண்களில் 21 சதவீதத்தினரும் மட்டுமே இத்திறன் பெற்றவர்கள். வில்லியனூர், பாகூர் போன்ற கிராமப்புறக் கொம்யூன்களில் இந்த இடைவெளியின் வேர் சொத்துரிமையில் உள்ளது.

சட்டமும் சொத்தும்

1954 வரை இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சிலேயே மணமான பெண், கணவரின் சம்மதமின்றி வங்கிக் கணக்கு தொடங்கும் உரிமையை 1965இல்தான் பெற்றார். புதுச்சேரி இந்துக்களில் பெரும்பாலோர் மரபு வழக்கைப் பின்பற்றினர்; அதில் நிலம் மகன்களுக்கே சென்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் இங்கு நீட்டிக்கப்பட்டது. நெல் விளையும் பாகூரில் பயிர்க்கடனுக்கு நில ஆவணம் தேவை. ஆவணம் ஆண் பெயரில் இருந்ததால் வங்கிப் பழக்கமும் ஆணுக்கே வாய்த்தது. பெண்கள் கையாண்டவை சிறுவாடு, சீட்டு, நகை அடகு ஆகியவை. கணக்கு அவர்களுக்குத் தெரியும். வங்கியின் படிவங்களே அந்நியமாக இருந்தன.

மாற்றங்கள்

1992இல் நபார்டு வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நில ஆவணம் இல்லாத பெண்களும் குழுவாகக் கடன் பெற்றனர்; தீர்மானப் புத்தகமும் கணக்கேடும் எழுதப் பழகினர். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. எம்பலம் மையத்தைப் பெண்கள் நடத்தினர். அரசு நலத்திட்ட விவரங்களும் அங்குக் கிடைத்தன. 2014இல் வந்த ஜன் தன் திட்டம் கணக்கு தொடங்குவதை எளிதாக்கியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டையும் பெண்கள் வெளியே எடுக்க நேர்ந்தது.

எஞ்சியுள்ள இடைவெளி

கணக்கு இருப்பது மட்டும் நிதி அறிவாகாது. ரூ.10,000 கடனை 12 சதவீத வட்டியுடன் ரூ.11,200ஆக 12 சம மாதத் தவணைகளில் கட்டுவதாகக் கொள்வோம். அசல் மாதந்தோறும் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. எனவே உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21 சதவீதம். மனைவி பெயரில் கடன் வாங்கிக் கணவர் செலவிட்டாலும், திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மனைவியுடையது. கையெழுத்திடுபவருக்கே இந்தக் கணக்கும், பணத்தைச் செலவிடும் முடிவும் வசமாகும்போதுதான் இடைவெளி குறையும்.