அடிச்சுமை நீரும் மண்டபம் முகாமும்

சரக்கை இறக்கிய கப்பல் தள்ளாடாதிருக்கும் பொருட்டுத் துறைமுகத்துக் கடல்நீரை அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. மறுதுறையில் சரக்கேற்றும்போது அதனைக் கொட்டிவிடுகிறது. அந்த அடிச்சுமை நீருடன் அந்நியக் கடலின் மட்டிக் குஞ்சுகளும் பாசிகளும் கிருமிகளும் வந்திறங்குகின்றன. கடலையே காணாத மஸ்கெலியாவிலிருந்து இதனை நாம் நோக்குவதற்குக் காரணமுண்டு. தொற்றுக் காவலின் பாரத்தை எவ்வர்க்கம் சுமக்கிறது என்ற வினாவிற்கு மலையக வரலாறு முன்னரே விடையளித்துள்ளது.

மஸ்கெலியாக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகிக்கொண்டிருந்த காலத்தில், 1869இல், மடுல்சீமையில் இலைத்துரு நோய் தோன்றியது. 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மாஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றில் பரவுவதை விளக்கினார். மலைமலையாக ஒரே பயிரை நட்ட முறையே காற்றுக்கு வழியைத் திறந்துவிட்டது எனலாம். 1884இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது; ஒரே பயிர் முறை போகவில்லை. 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது, பயிர்ப்பாதுகாப்புச் சட்டம் பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

மனிதர் விடயத்தில் காவல் வேறுவிதமாயிருந்தது. இலங்கை அரசு இராமநாதபுரக் கரையில் நடத்திய மண்டபம் முகாமில் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, உடைகளுக்கு மருந்துப்புகை காட்டப்பட்ட பின்னரே கப்பலேறினர். தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டு அவர்களை அடையாளப்படுத்தியது. அச்சம் பொய்யன்று, வாந்திபேதி முதலிற் கொன்றது அவர்களையே. எனினும் சுத்திகரிக்கப்பட வேண்டியது உழைப்பாளியின் உடல் என்பதில் அதிகாரத்திற்கு ஐயமே எழவில்லை.

கப்பலின் நீர் விடயத்திலோ ஐயங்கள் பல எழுந்தன. வடிகட்டி, புறஊதாக் கதிராலோ மின்னாற்பகுப்பில் உண்டாகும் குளோரினாலோ உயிரிகளைக் கொல்லும் முறைகள் உள்ளன. வெளியேற்றும் ஒரு கனமீற்றர் நீரில், ஐம்பது மைக்ரோமீற்றரும் அதற்கு மேலுமான உயிரிகள் பத்துக்கும் குறைவாகவே உயிருடன் இருக்கலாமென்பது விதி. இவ்வுடன்படிக்கை 2004இல் இயற்றப்பட்டது. ஆயின், உலக வணிகக் கப்பற் கொள்ளளவில் 35 விழுக்காட்டைக் கொண்ட 30 நாடுகள் ஏற்றாலன்றி அது செல்லுபடியாகாது. நாடுகளை எண்ணியது மட்டுமன்றிக் கப்பல்களையும் எடைபோட்ட நிபந்தனை இது. 2017 செப்டம்பரிலேயே அது நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்களுக்கு 2024 வரை தவணையும் கிடைத்தது.

இதற்கிடையில் எண்ணூர்க் கழிமுகத்தில் தென்னமெரிக்க மட்டியொன்று பாயாகப் படர்ந்துள்ளது. கப்பல்வழி வந்ததென ஆய்வாளர் கருதும் அதனை மீனவர் ‘காக்கா ஆழி’ என்கின்றனர். இறாலுக்கும் மஞ்சள் மட்டிக்கும் உரிய சேற்றுத் தரையை அது மூடிவிட்டது. எந்தக் கப்பலின் நீரில் வந்ததென்பதற்கு எந்தத் துண்டும் இல்லை.