சேலத்துத் திரையில் துப்பறிந்த சாமியார்

சேலத்துக்கு, தடயங்களைத் தொடர்ந்து சென்று குற்றவாளியை வெளிப்படுத்தும் துப்பறியும் கதையின் தமிழ் வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அக்கதைவகை அச்சு வழியாகவே முதலில் வேரூன்றியது: பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வெளிவந்தது, ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் 'இராஜாம்பாள்' எழுதித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகமாக்கினார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழ் மண்ணில் நடப்பனவாக எழுதிக் குவித்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரோ இவர்களைக் கடந்து, துப்பறிபவருக்குத் துறவி வடிவமே தந்து, திகம்பர சாமியாரைப் படைத்தார்.

அந்தச் சாமியாரை 1950இல் திரைக்குக் கொண்டுவந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம் நிறுவிய அப்படக்கூடத்தில், எம். என். நம்பியார் சாமியாராகவும், துப்பறிவதற்காக அவர் புனையும் பல மாறுவேடங்களிலும் நடித்தார். ஷெர்லக் ஹோம்ஸும் வேடமிட்டவரே. எனினும் அவருடைய பெருமை ஊகித்தறியும் ஆற்றலில் இருந்தது. கூத்தும் நாடகமும் பார்த்துப் பழகிய தமிழ் அவையோருக்கோ வேடமே முதன்மையான இன்பமாயிற்று. இதைக் குறையென்று தள்ளுவது பிழை. மேலைநாட்டிலிருந்து வந்த வடிவம் இங்கிருந்த கலையோடு கலந்ததன் விளைவு அது.

அதே மேலை மரபைப் பெற்ற ஜப்பான் வேறு வழியில் சென்றது. எட்கர் ஆலன் போவின் பெயரையே தழுவிப் புனைபெயர் கொண்ட எடொகவா ரம்போ 1923இல் முதற்கதையை வெளியிட்டார். 1946இல் எழுதத் தொடங்கிய 'ஹோன்ஜின் கொலைகள்' நாவலில் யொகொமிசோ செய்ஷி, பூட்டிய அறைப் புதிரை, அதாவது எவரும் உட்புக இயலாத இடத்தில் நிகழும் கொலையை, மரபான ஜப்பானிய வீட்டுக்குள் பொருத்தினார். 1987இல் அயட்சுஜி யுகிடோ தம் நாவலில், மேலைத் துப்பறியும் எழுத்தாளர்களின் பெயர்களால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் மாணவர்களை ஒரு தீவில் நிறுத்தி, வாசகரும் விடுவிக்கத்தக்க புதிரை மீண்டும் கதையின் மையமாக்கினார்.

தமிழில் அப்புதிர்க் கலை அந்த அளவுக்கு வளராதது இழப்பே. மாடர்ன் தியேட்டர்ஸும் பின்னர் ஜேம்ஸ் பாண்ட் பாணி ஒற்றர் படங்களின் பக்கம் சாய்ந்தது. ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' 1966இலும் 'சி.ஐ.டி. சங்கர்' 1970இலும் வெளிவந்தபோது, சாமியாரின் இடத்தில் துப்பாக்கி ஏந்திய அரசு அதிகாரி நின்றார்.